அந்த மாரிக்கு நான் ஏன் கூரை வேயவில்லை

மழை இருட்டிக்கொண்டு வந்தால் போதும், உங்கள் உம்மா அந்தக் கதையை எடுத்துவிடுவார். "ஊரெல்லாம் புதுக் கிடுகுக்குக் கீழ படுத்த வருசம், எங்கட வீட்டுக்கு மேல மட்டும் கப்பல் படங்கு" என்று தொடங்கி, ஒரு கிறுக்கனோடு காலம் தள்ளிய கதையாக அதை முடிப்பார். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். ஆனால் அவர் சொல்கிற கதையில் ஒரு பாதி இல்லை. அந்தப் பாதி என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எழுத்தில் பிழை கண்டால் திருத்திக்கொள்ளுங்கள். அந்த வருடத்துக் கூரைக் காசை நான் செலவழித்ததில் பிழை கண்டால், அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் சீனன்குடாவில், துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் படங்கு தைத்துக்கொண்டிருந்தேன். சாமான்கள் மழையில் நனையாமல் மூடுகிற அந்தப் பெரிய சீலைகள் கிழிந்தால் எங்களிடம்தான் வரும். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, விரல் நீள ஊசியில் தேன்மெழுகு தடவிய சணல் நூலைக் கோத்துத் தைப்போம். ஓரத்தில் வெட்டிக் கழித்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்கள். வாசலில் காவலாளியிடம் அனுமதிச் சீட்டைக் காட்டினால் சரி. நான் அவற்றை ஒரு சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து, பாதையில் ஏற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுவருவேன். பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொழுது விழுந்த பிறகு வீட்டுக்குப் பின்னால், கோடியில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளில் பையும், வண்டில் மூடியும், கடைகளுக்கு வெயில்மறைப்பும் தைத்துக் கொடுப்பேன். அப்படி மிஞ்சியதுதான் வருடா வருடம் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு வாங்குகிற காசு.

உம்மாவின் கதையில் வருகிற அந்த ஆட்டுக்கிடாய் எங்களிடம் வந்தது ஒரு கையளவுக் குட்டியாக. மாடு வளர்க்கிற ஒருவரின் ஆடு குட்டி போட்டதும் செத்துப்போயிற்று. "இது நிக்காது, விருப்பமெண்டாக் கொண்டுபோங்க" என்று என் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டார். எங்கள் மூன்று பிள்ளைகளில் நடுவிலுள்ளவள்தான் அதை நிற்க வைத்தாள். மகளே, போத்தல் வாயில் சைக்கிள் டியூப் துண்டைக் கட்டி, நீ அதற்குப் பால் பருக்கினாய். உனக்கு அப்போது ஏழு வயது. நீ வைத்த பெயர் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். வெளியில் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

உம்மா காக்கா என்று கூப்பிடுகிற மூத்த சகோதரன், உங்கள் மாமா, சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருந்தார். குட்டியைக் கையால் தூக்கிப் பார்த்து, "நல்ல எலும்பு மச்சான், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆகும்" என்று சொல்லி விதையடிக்கவும் ஆள் பிடித்துத் தந்தார். பெருநாள் வந்தது. நான் கிடாயை அறுக்காமல், மாமாவோடு சேர்ந்து குர்பான் மாட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த பெருநாளும் அப்படியே போயிற்று. மாமா கேட்பதை நிறுத்திவிட்டார். கிடாய் உன்னைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். பின்னேரத்தில் பாதை கரை சேருகிற இடத்தில் நின்று என் சைக்கிள் மணிக்குக் காது கொடுக்கும். பாலுமில்லை, குட்டியுமில்லை, அறுத்தால் இறைச்சி, அறுக்காவிட்டால் ஒன்றுமில்லை. அப்படி ஒன்றை வைத்துச் சோறு போட்டோம்.

இனி நான் சொல்லப்போவது உம்மாவின் கதையில் இல்லாத பாதி.

அந்தக் கிடாய் படங்குத் துண்டு தின்னும். யாரும் பழக்கவில்லை. ஒருநாள் என் சாக்குக்குள் தலையை விட்டு ஒரு முழத் துண்டை அசைபோட்டுக்கொண்டு நின்றது. நாங்கள் பயந்தோம். மறுநாள் அது துள்ளித் திரிந்தது. பருத்திச் சீலை, சணல் நூல், தேன்மெழுகு எல்லாம் அதன் வயிற்றில் கரைந்துவிட்டன. பிறகு அது ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் நான் ஒரு துண்டை எடுத்து நீட்டுவேன். கிடாய் அதை ஓரத்திலிருந்து, தையலைப் பிடித்து, வெற்றிலை போடுகிற மாதிரித் தின்னும். "ஒங்கட ஆடு ஒருநாளைக்குக் கப்பலையும் திண்டுடும்" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு களஞ்சியத்தில் நூல் மாறியது. சணல் நூல் வரவு நின்று நைலோன் நூல் வந்தது. படங்கும் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசியதாக வந்தது. ஈரத்தில் எத்தனை மாதம் கிடந்தாலும் இற்றுப்போகாது என்று மேற்பார்வையாளர் புகழ்ந்தார். நானும் புகழ்ந்தேன். வெளியில் இற்றுப்போகாத ஒன்று ஆட்டின் வயிற்றுக்குள்ளும் இற்றுப்போகாது என்று என் மண்டைக்குப் படவில்லை. வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருந்தேன்.

அது பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசை நின்ற காலம். விடியமுன் போய் நின்றால்தான் ஒரு இறாத்தல் கிடைக்கும். சீனி இல்லை, துணி இல்லை, மருந்து இல்லை. அப்படி ஒரு ஐப்பசியில், மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, கிடாய் தின்னாமல் விட்டது. இடதுபக்க வயிறு மேளம் மாதிரி வீங்கியது. பல்லை நெறுநெறு என்று கடித்துக்கொண்டு வேலியோரம் நின்றது. அசைபோடுவது நின்றுவிட்டது. இஞ்சிச் சாறு, பெருங்காயத் தண்ணீர், நல்லெண்ணெய் என்று அயலில் சொன்னதெல்லாம் பருக்கினோம். ஒரு நாள் வற்றும், மறுநாள் இன்னும் கூட வீங்கும்.

மாமா வந்தார். வயிற்றில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். இடுப்பில் சாரத்து மடிப்பில் கத்தி இருந்தது எனக்குத் தெரியும். அவர் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

"மச்சான், இது முடிஞ்ச கதை. மௌத்தாப் போக முந்தி பிஸ்மி சொல்லி அறுத்திட்டா நாலு வீட்டுக்கு இறைச்சி. விட்டுட்டீங்கெண்டா நாய்க்கும் ஆகாத சவம். இந்தக் காலத்தில அப்படி வீணாக்கிறது நல்லமில்ல."

"டொக்டர் செவ்வாய்க்கிழமை வருவாரு, பாக்கட்டும்" என்றேன்.

"மாட்டு டொக்டருக்கு ஆட்டைக் காட்டப் போறீங்க. சரி, காட்டுங்க. ஆனா அது துடிக்கிறதைப் பாத்துக்கிட்டு இரிக்கிறதுக்குப் பேரு இரக்கம் இல்ல மச்சான். என்ட கத்தி ஒரு இழுவை."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கத்தியைத் தீட்டாமல் ஒரு கோழியைக்கூடத் தொடமாட்டார். ஒரு மிருகத்தின் கண்ணுக்கு முன்னால் இன்னொன்றை அறுக்கமாட்டார். எங்களுக்குத் தெரிந்த, மரியாதையான முடிவு ஒன்று இருந்தது. அதைத்தான் அவர் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதை நான் அவமதித்ததாக நீங்கள் நினைக்கக் கூடாது. கந்தூரிச் சோற்றில் ஆட்டிறைச்சியை வாயூறத் தின்றவன்தான் நானும்.

மிருக வைத்தியர் செவ்வாயும் வெள்ளியும் கிண்ணியாவுக்கு வருவார். ஊர் மாடுகள் எல்லாம் ஒரு கொட்டிலில் கூடும். வயது போன யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரையும் "காணும்" போட்டுத்தான் கதைப்பார். நான் முன்னால் இழுக்க, நீ பின்னால் தள்ள, கிடாயை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் காதை வைத்துக் கேட்டார், முழங்கையால் அமுக்கினார், ஒரு குழாயைத் தொண்டையால் விட்டுக் காற்றை எடுத்தார். நாற்றம் தாங்கவில்லை. மாடுகள்கூட விலகி நின்றன.

"என்ன காணும், இதுக்கு என்ன தின்னக் குடுத்தனீர்?"

"இலை குழைதான் ஐயா. தவிடு, கஞ்சித் தண்ணி."

படங்கு என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று. நீ கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னை ஒருதரம் பார்த்தாய். பிறகு கிடாயின் நெற்றியைப் பார்த்தாய்.

"வயித்துக்குள்ள சமிக்காத சாமான் ஏதோ கட்டியாக் கிடக்கு. மருந்துக்குக் கரையாது. வெட்டித்தான் எடுக்கவேணும்" என்றார் வைத்தியர்.

"வெட்டினாப் பிழைக்குமா ஐயா?"

"பிழைக்கலாம். பிழைக்காமலும் விடலாம். ஆட்டுக்கு ரெண்டு தரம் செய்தனான். ஒண்டு நிண்டது, ஒண்டு போனது. விறைப்பு மருந்து, உள்ளுக்குத் தைக்கிற நூல், பிறகு அஞ்சாறு நாளைக்குப் போடுற ஊசிமருந்து, என்னட்டை ஒண்டும் இல்லை. திருகோணமலையில தனியார் கடையில கேட்டுப் பாரும். விலையைக் கேட்டு மயங்கி விழாதையும்."

"வாங்க ஏலாட்டி?"

"வெள்ளிக்கிழமை வரேக்க நான் ஒரு ஊசி போட்டுவிடுறன். நித்திரை கொள்ளுறமாதிரிப் போயிடும். அதுக்குக் காசு வேண்டாம். இல்லாட்டி அதுக்கு முந்தி உங்கட முறைப்படி அறுத்துப்போடும். ஊசி போட்டால் இறைச்சி தின்ன ஏலாது. வெள்ளி வரைக்கும் இது நிக்கும். யோசியும்."

ஆக, கத்தி, ஊசி, வெட்டு என்று மூன்று வழி. மூன்று நாள்.

உம்மா ஊசியின் பக்கம் நின்றார். அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டே சொன்னார், "காக்காட கத்தி வேணாம். அதுட இறைச்சியை எந்த வாயால தின்னுற? ஊசியைப் போட்டுக் குழி தோண்டித் தாட்டுடுவம். புள்ளைக்குச் சொல்லிக்கலாம், நித்திரையில போயிட்டெண்டு."

"வெட்டினாப் பிழைக்கலாமெண்டு டொக்டர் சொல்றாரே."

"எந்தக் காசில?"

அவர் மீனை வைத்துவிட்டு, அலுமாரிப் பக்கம் தலையைத் திருப்பினார். கிடுகுக் காசு அதற்குள்தான் இருந்தது.

"இஞ்ச பாருங்க. மேல அண்ணாந்து பாருங்க. வானம் தெரியுதா இல்லையா? மூணு புள்ளையையும் வச்சிக்கிட்டு மாரிக்கு என்ன செய்யப் போறீங்க? ஆட்டை மேல விரிச்சிப் படுக்கிறதா?"

எங்கள் கூரையால் நிலவு உள்ளே வந்து தரையில் புள்ளி புள்ளியாக விழும். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. எழுந்து என் தையல் மூலைக்குப் போனேன்.

சாக்கு அங்கே இல்லை.

தேடினேன். வேலியோரம் இல்லை, முற்றத்தில் இல்லை. திரும்பி வந்து அண்ணாந்தேன். சாக்கு கூரையின் வளை மரத்தில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மாவிடிக்கிற உரலைக் கவிழ்த்து, அதற்கு மேல் கதிரையை வைத்து, யாரோ ஏறியிருந்தார்கள். ஆடு எத்தனை பாய்ச்சல் பாய்ந்தாலும் எட்டாத உயரம். முடிச்சு மூன்றுதரம் போட்டு இறுக்கப்பட்டிருந்தது, நான் போடுகிற மாதிரி, ஆனால் இடதுகைக்காரியின் முடிச்சு.

இடதுகைக்காரி வீட்டில் நீ ஒருத்திதான், மகளே. வைத்தியர் கேட்டபோது நீ வாயைத் திறந்திருக்கலாம். உம்மாவிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாமா முன்னால் "வாப்பாதான் தின்னக் குடுத்தவங்க" என்று அழுதிருக்கலாம். நீ சாக்கை மட்டும் தூக்கிக் கட்டினாய். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஒன்றும் தந்திருக்க முடியாது. நித்திரையில் போய்விட்டது என்ற கதையை நான் யாருக்குச் சொல்வது? உனக்கா?

அப்படியே நின்றுகொண்டு முடிவு எடுத்தேன். உம்மா இன்றைக்கு வரை நம்புவது வேறு: மாமாவோடு வீம்புக்குத்தான் நான் அப்படிச் செய்தேன் என்று. வீம்பும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வீம்பு பிறகுதான் வந்தது.

வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல், காசை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போனேன். பாதையில் நான் போகுமுன்னமே கதை போயிருந்தது. கயிறு இழுக்கிறவர் என் சைக்கிளைப் பிடித்து ஏற்றிவிட்டுச் சொன்னார், "என்ன காக்கா, ஆட்டுக்கு ஒப்பரேசனாம். பக்கத்துக் கட்டில்ல படுத்திரிக்க யாரையும் விடுவீங்களா?"

"ஒங்களை விடலாம்" என்றேன். "ஆடு சம்மதிக்கணும்."

மிதவை முழுக்கச் சிரித்தது. கூடையோடு இருந்த ஒரு மனிதர், "வர்ரப்ப அதுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் வாங்கிட்டு வாங்க, என்னத்தைத் தின்னுறோமெண்டு பாத்துத் தின்னட்டும்" என்றார். அவர் எதையும் அறிந்து சொல்லவில்லை. எனக்கு மட்டும் அது சுருக்கென்று தைத்தது.

மருந்துக்கடையில் ஆள் வைத்தியர் எழுதித் தந்த சீட்டைப் படித்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். சீட்டை மேசையில் வைத்துவிட்டார்.

"மனிசருக்கே இது கிடைக்கிறேல்லை, தெரியுமோ?"

"தெரியும். இருக்கா, இல்லையா?"

இருந்தது. இந்த இடத்தை நான் மழுப்பாமல் எழுதவேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே மருந்துக்கு யாராவது நின்றிருந்தால் நான் வைத்துவிட்டு வந்திருப்பேன், அப்படியே பாதையேறி வந்து மாமாவின் கத்திக்குச் சம்மதம் சொல்லியிருப்பேன். பின்னால் பல்வலிக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு கிழவர் மட்டும் நின்றார். காசை எண்ணாமல் கொடுத்தேன். எண்ணிக்கொண்டு நின்றால் மனம் மாறிவிடும் என்று பயம். அவர் எண்ணி, கொஞ்சச் சில்லறை திருப்பித் தந்தார். கூரை போயிற்று.

அன்று மஃரிப் தொழுதுவிட்டு மாமா திரும்பவும் வந்தார். உம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், எனக்குத் தரவில்லை.

"கேள்விப்பட்டேன்" என்றார் மாமா. "தங்கச்சிட கூரையை ஒரு ஆட்டுட வயித்துக்குள்ள போட்டுட்டீங்களாம்."

"ஓம், போட்டுட்டேன்."

"நாளைக்கு வெட்டின பிறகு அது செத்துதெண்டா? காசும் இல்ல, கூரையும் இல்ல, இறைச்சியும் இல்ல. சும்மா மண்ணைத் தோண்டணும். நான் ஒங்கட நன்மைக்குத்தான் சொல்றன். இப்பயே அறுத்தா வாங்கின மருந்தைத் திருப்பிக் குடுக்கலாம்."

"மச்சான், ஒங்கட கத்தியில எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன். "ஆனா கத்தி நாளைக்கும் வெட்டும், நாளண்டைக்கும் வெட்டும். டொக்டர் நாளைக்கு மட்டும்தான். அவருக்கு ஏலாட்டி, நீங்க பக்கத்தில நில்லுங்க. அந்த நிமிசத்தில நான் தடுக்கமாட்டன்."

"ஒரு ஆட்டுக்கு இவ்வளவா?"

"இவ்வளவுதான்."

அவர் தேத்தண்ணியை முடித்துவிட்டு எழும்பினார். வாசலில் நின்று, "வாறன், நிக்கிறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாட்டுக் கொட்டிலில் பெருநாள் மாதிரிச் சனம். மேசை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களுக்கிடையில் கிடாயை வலப்பக்கமாகச் சாய்த்துக் கட்டினோம். என் சவரக்கத்தியால் வயிற்று மயிரை வழித்தேன். மாமா சொன்ன சொல் தவறாமல் வந்து, கத்தியோடு கால்மாட்டில் நின்றார். நீ தலைமாட்டில். வைத்தியர் விறைப்பு ஊசிகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் பொறுத்திருந்தார். பிறகு வெட்டினார். தோல், தசை, அதற்குக் கீழே வயிற்றுப் பை. கிடாய் ஒருதரம் கத்தியது, அது வலியால் அல்ல, கட்டிப்போட்ட கோபத்தால் என்று வைத்தியர் சொன்னார்.

முழங்கை வரை கையை விட்டார். ஒரு நிமிடம் தேடினார். முகம் மாறியது. இழுத்தார். தேங்காய்ப் பருமனில் ஒரு கட்டி, கறுப்பும் பச்சையுமாக, நாற்றத்தோடு வந்து தட்டில் விழுந்தது. பிறகு அதற்குப் பின்னால் ஒரு நீள வால் வந்தது. இழுக்க இழுக்க வந்தது.

"இது என்ன கோதாரி" என்றார் வைத்தியர்.

மாமா கத்தி முனையால் அதைக் கிளறினார். கட்டி பிரிந்தது. உள்ளே படங்கு, பிளாஸ்டிக் பக்கம் புதிது போலப் பளபளத்தது. நைலோன் நூலில் ஒரு தையல், பிரியாமல், ஓர் இழையும் அறாமல். மாமா அந்தத் தையலின் முடிச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய இறைச்சிக் கடைக்கு வெயில்மறைப்புத் தைத்துக் கொடுத்தவன் நான். இருபது முடிச்சு அவர் தலைக்கு மேல் தினமும் தொங்கியது.

"மச்சான்" என்றார் மெதுவாக. "இது ஒங்கட தையல் இல்லியா?"

வைத்தியர் கையை வயிற்றுக்குள் வைத்தபடி என்னைப் பார்த்தார். உம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கு அங்கே நின்று பேச்சுக் கேட்டிருக்காது, பிறகு ஊர் சொன்னதையும் பகிடி என்று விட்டுவிட்டார், அதனால்தான் அவருடைய கதையில் இது இல்லை. நீ தலையைத் தூக்கவில்லை. கிடாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாய்.

"ஓம், என்ட தையல்தான்" என்றேன். "வாற போற ஆக்களுக்கு வேடிக்கை காட்ட நான்தான் தின்னக் குடுத்தேன். டொக்டர் ஐயாட்டப் பொய் சொன்னதும் நான்தான். நான் செஞ்ச பிழைக்கு அதுட கழுத்தைக் குடுக்க எனக்கு மனசில்ல. என்ட கூரையைக் குடுத்திரிக்கன். அதில யாருக்கு என்ன நட்டம்?"

பின்னால் நின்ற ஒருவர், "வெயில்மறைப்பு நல்லா நிக்குமெண்டு தெரியுது" என்றார். சிரிப்பு வெடித்தது. மாமாவும் சிரித்தார். கத்தியைச் சாரத்து மடிப்புக்குள் செருகினார்.

"செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நேரம் உள்ளுக்குத் தடவிக்கொண்டு நிக்கத் தேவையில்லை, விசரா" என்று வைத்தியர் திட்டினார். உள்ளே தைத்து முடித்ததும் வாங்கி வந்த நூலும் முடிந்துவிட்டது. வெளித்தோலுக்கு நூல் இல்லை. அவர் தட்டில் கிடந்த தையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உந்த நைலோன் நூல் புதுசு வீட்டில கிடக்கோ? அவிச்சுக் கொண்டுவாரும். தோலுக்கு அதைவிட நல்ல நூல் கொழும்பிலயும் இல்லை."

நீ ஓடினாய். சாக்கை இறக்கத் தேவையில்லை, நூல் உருளை அலுமாரிக்கு மேல் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற உம்மாவும் உன் பின்னால் வீட்டுக்கு வந்து, அதைச் சோற்றுப் பானையில் போட்டு அவித்துத் தந்தார். வைத்தியர் தைத்தார். தையல் கொஞ்சம் கோணல். இடைவெளியும் ஒன்றுபோல் இல்லை. என் கை பரபரத்தது. அன்றைக்கு அவரைத் திருத்துகிற தகுதி எனக்கு இல்லை என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் கிடாய் அசைபோட்டது. ஐந்தாம் நாள் மழை தொடங்கியது.

களஞ்சியத்தில் கழித்துப் போட்ட பழைய படங்குகளைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பின்னேரம் இருந்து பொருத்தித் தைத்து, ஓரத்தில் கயிறு கோத்து, பழைய கிடுகுக்கு மேல் இழுத்துக் கட்டினேன். ஊர் எங்களுக்குப் 'படங்கு வீடு' என்று பெயர் வைத்தது. காற்று அடித்தால் கப்பல் பாய் மாதிரிப் படபடக்கும். வெயில் எறித்தால் உள்ளே அவிந்துபோவோம். இது எல்லாம் உம்மா சொல்வார், எல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் அவர் சொல்லமாட்டார்: அந்த மாரி முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழவில்லை. புதுக் கிடுகு வேய்ந்த பக்கத்து வீட்டில் சட்டி வைத்து ஏந்தினார்கள். கிடாயும் எங்களோடு உள்ளேதான் கிடந்தது, வயிற்றில் என் நூலோடு. உங்களில் இளையவன் அதன் முதுகில் கால் போட்டுக்கொண்டு படுத்தான். மாமா மழைக்கு ஒதுங்கி வந்து, கூரையைப் பார்த்து, கிடாயைப் பார்த்து, "ரெண்டையும் ஒரே ஆள்தான் தைச்சிரிக்கான்" என்பார். வைத்தியர் தைத்தது என்று நான் ஒவ்வொருமுறையும் திருத்துவேன். கோணல் தையலுக்கு நான் பெயர் வாங்கமாட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அது இருந்தது. போனது வயதினால். ஒரு விடியலில் வேலியோரம் படுத்தபடி. ஒருவரும் கத்தியும் கொண்டுவரவில்லை, ஊசியும் கொண்டுவரவில்லை.

இப்போது உங்கள் மூவருக்கும் ஓட்டு வீடு. மழை வந்தால் அண்ணாந்து பார்க்கவேண்டிய தேவை இல்லை. அதனால் இந்தச் செலவு உங்களுக்குப் பெரிய பகிடியாகத் தெரிகிறது. மகளே, உன் வீட்டுப் பூனைக்குக் கால் முறிந்தபோது, "இதுக்கெல்லாம் டொக்டரா" என்று உன் மாமியார் கேட்டாராம், நீ ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாயாம். உம்மா அதை என்னிடம் ஒரு முறைப்பாடு மாதிரிச் சொன்னார், உன் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு. நான் மேலே பார்த்தேன்.

அந்தச் சாக்கு இன்னும் வளையில்தான் தொங்குகிறது. கூரை இரண்டுமுறை மாறிவிட்டது, சாக்கை நான் இறக்கவில்லை. முடிச்சு நீ போட்டது. அவிழ்ப்பதானால் நீயே வந்து அவிழ்க்கவேண்டும்.